புள்ளிராஜாவின் மனைவி

(மரக்காணத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்கள் நலம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். எச்.ஐ.வி. பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவர், "அதெல்லாம் இப்ப குறைஞ்சிடுச்சே அம்மா" என்றார். நோய் குறைந்திருப்பது உண்மைதான். அதற்காகப் பாடுபட்டவர்களை இன்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நோய் ஒரு பெண்ணுக்கு எப்படி வந்திருக்கும் என்று நம் ஊர் நினைக்கிறதே, அந்த நினைப்பு குறையவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக இருந்தவள் நான். அந்த நினைப்பு எத்தனை பெண்களை வீட்டைவிட்டு வெளியே தள்ளியது என்று பார்த்திருக்கிறேன். அதனால் இதைத்தான் பேசுவேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள்.

உப்பளத்தை ஒட்டி நாங்கள் நடத்திய ஒரு மருத்துவ முகாம். காலை பதினொரு மணிக்கே வெள்ளைப் பரப்பிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. விடியற்காலையில் இருட்டோடு இருட்டாக வேலைக்குப் போய், பாத்தியிலிருந்து கரைக்குத் தலைச்சுமையாக உப்பு சுமந்துவிட்டு, அப்படியே முகாமுக்கு வந்திருந்தாள் அந்தப் பெண். வயது இருபத்திரண்டு. ஐந்து மாத கர்ப்பம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். செவிலியர் ஒரு விரலில் குத்தினார், வரவில்லை. அடுத்த விரலிலும் வரவில்லை. உப்புநீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துக் காய்ப்பேறிக் கிடந்தன. ஓரங்களில் வெடிப்பு. மூன்றாவது விரலை அழுத்திப் பிழிந்த பிறகுதான் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவள் சிரித்தாள். "எம் வெரல்ல ரத்தம் ஏதும்மா, உப்புதான் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு பொட்டில் எச்.ஐ.வி. இருந்தது. முறைப்படி மற்றச் சோதனைகளையும் செய்து உறுதிப்படுத்தினோம். கணவரை அழைத்து வரச் சொன்னோம். கணவர் வரவில்லை, மாமியார் வந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மருத்துவத் துறையில் யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் அது கசிந்திருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துக் குற்றம். இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. வந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ எங்கேர்ந்து வாங்கியாந்தா?"

அந்த வாரத்திலேயே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெண் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இரண்டு மாதம் அலைந்து அவள் கணவனைச் சோதனைக்கு உட்கார வைத்தோம். திருமணத்துக்கு முன்பிருந்தே லாரியில் போய்வந்தவன். அவனுக்கும் தொற்று இருந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் சிடி4 சோதனையில் அவன் அளவு தரைமட்டத்தில் இருந்தது. பொதுவாகப் பல ஆண்டுகளாக உடம்பில் இருந்தால்தான் அந்த நிலைக்கு வரும். அவர்களுக்குத் திருமணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் எண்ணிக்கையோ நன்றாக இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் அந்தச் சோதனைத் தாளை ஊரில் யாரிடம் காட்டுவது? அதைக் காட்ட எனக்கு உரிமையும் இல்லை.

மருத்துவத்தில் 'ஆபத்துக் காரணி' என்று ஒரு சொல் உண்டு. ஒருவருக்கு ஒரு நோய் வரும் வாய்ப்பை எது கூட்டுகிறதோ அது ஆபத்துக் காரணி. புகை பிடிப்பது நுரையீரல் புற்றுக்கு ஆபத்துக் காரணி. பாலுறவின் மூலம் பரவும் நோய் என்று வரும்போது இந்தச் சொல் நம்மையறியாமல் வேறு வேடம் போட்டுக்கொள்கிறது. 'காரணி' என்பதை நாம் 'நடத்தை' என்று படிக்கிறோம். அதிலும் 'அவள் நடத்தை' என்று படிக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பெண்களில் மிகப் பலருக்கு ஆபத்து அவர்கள் நடத்தையில் இருந்ததில்லை. அவர்கள் கழுத்தில் ஏறிய தாலியில் இருந்தது.

இந்தியாவில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், இந்த நோய் இங்கே இருக்கிறதா என்று ஆராயும்படி தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் சொன்னார். "நம் நாட்டில் அது ஏது, நம் பண்பாடு வேறு" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் காப்பகத்துக்குப் போய், கையுறைகூட இல்லாமல், 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை நிர்மலா எடுத்தார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டி நிறம் மாறின. பிறகு அமெரிக்காவிலும் உறுதி செய்யப்பட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலாவின் துணிச்சலுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் மறையும்வரை இந்த நோயாளிகளோடே வாழ்ந்தார்.

அவர்களை வணங்கிக்கொண்டே ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆறு பெண்களுக்கும் ஆண்களிடமிருந்துதான் தொற்று வந்தது. அந்த ஆண்களில் ஒருவரின் ரத்தமும் அந்தக் கண்ணாடிக் குழாய்களில் இல்லை. அவர்கள் தேடும்படியான இடத்தில் அடைபட்டு இருக்கவில்லை, அவரவர் வீட்டில் இருந்தார்கள். முதல் நாளே இந்த நோய்க்கு நாம் கொடுத்த முகம் ஒரு பெண்ணின் முகம். அதுவும் 'கெட்ட' பெண் என்று ஊர் முத்திரை குத்திய பெண்ணின் முகம். பின்னால் வந்த ஒவ்வொரு மாமியாரும் கேட்ட கேள்விக்கு அங்கேயே விதை விழுந்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்துப் படம் மாறியது. 1993-லிருந்து 1996 வரை புனேயில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த 916 பெண்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 525 பேர் பாலியல் தொழிலாளர்கள். மற்ற 391 பேர் அந்தத் தொழிலில் இல்லாதவர்கள், பெரும்பாலும் கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த குடும்பப் பெண்கள். அந்த 391 பேரில் நூற்றுக்கு 13.6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1997-ல் ஜாமா மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து நம் சென்னையிலிருந்தே ஒரு கணக்கு வந்தது. ஒய்.ஆர்.ஜி. கேரில் சிகிச்சைக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களின் விவரம் அது. அவர்களில் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் வாழ்வில் ஒரே ஒரு ஆணைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள்.

'ஒருவனுக்கு ஒருத்தி' என்று ஊருக்கு ஊர் மேடை போட்டுப் பேசினோம். அந்த ஒருத்திகள் சொன்னபடிதான் இருந்தார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் புள்ளிராஜாவை நினைவிருக்கும். 2000-களின் தொடக்கத்தில், சென்னையின் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் விளம்பரத்தில் வந்த கற்பனைப் பாத்திரம். சுவர்களிலும் பேருந்துகளிலும் தொலைக்காட்சியிலும், புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டார்கள். டீக்கடையில் அதைப் பேசாதவர்கள் கிடையாது. ஆணைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அதனால் நிறைய நன்மை விளைந்தது, நிறைய ஆண்கள் ஆணுறையைக் கையில் எடுத்தார்கள். 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியதும், லாரி நிறுத்தங்களில் தொண்டு நிறுவனங்கள் இரவெல்லாம் நின்று பேசியதும், பாலியல் தொழிலாளர்கள் தாங்களே அமைப்பாகத் திரண்டு ஆணுறை இல்லாமல் முடியாது என்று நின்றதும் பலன் கொடுத்தன. தென் மாநிலங்களில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயது வரையிலான பெண்களிடம் தொற்று 2000-ல் 1.7 விழுக்காடாக இருந்து 2004-ல் 1.1 விழுக்காடாக இறங்கியது என்று 2006-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வேறு இடத்தில் ஆணுறை போட்டுக்கொண்ட கணவனால் வீட்டில் மனைவி தப்பித்தாள் என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் புள்ளிராஜாவுக்கு ஒரு மனைவி இருந்திருப்பாளே, அவளுக்கு வருமா என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை. அவளிடம் பேசவும் யாரும் போகவில்லை. போயிருந்தாலும் என்ன சொல்லியிருக்க முடியும்? ஆணுறை போடச் சொல் என்றா?

நம் மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, இருபத்தைந்து வயதுக்குள்ளேயே பலருக்கு அது முடிந்துவிடுகிறது. குடும்ப நலத் திட்டத்தின் பெரிய வெற்றி அது, நானே ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். ஆபரேஷன் ஆன பெண்ணின் வீட்டில் ஆணுறைக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. பிள்ளை வேண்டாம் என்று சாக்குச் சொல்லிக்கூட அவளால் கேட்க முடியாது. கேட்டால், "என்மேல சந்தேகமா?" இல்லையென்றால், "உன்மேலதான் சந்தேகம்." இரண்டில் எது வந்தாலும் அடி அவளுக்குத்தான். கருப்பையைக் காத்துக்கொடுத்த திட்டம் அவளைத் தொற்றிலிருந்து காக்கும் ஒரே பேச்சையும் அடைத்துவிட்டது என்று எங்கள் துறை நெடுநாள் யோசிக்கவே இல்லை.

அடி என்று சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவரோடு வாழும் 28,139 பெண்களின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். கணவன் அடிக்கவும் செய்து, படுக்கையிலும் வன்முறை செய்த பெண்களிடம் எச்.ஐ.வி. 0.73 விழுக்காடு. அப்படி எதுவும் இல்லாத பெண்களிடம் 0.19. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அடி நேராக நோயைக் கொண்டுவருவதில்லை. அடிக்கிற கை எந்த மறுப்பையும் கேட்காத கை, வெளியிலும் போய்வரும் கை. பலவந்தமான உறவில் உள்ளே ஏற்படும் சின்னச் சின்னக் கீறல்களும் கிருமிக்கு வழி. பெண்ணுடலின் அமைப்பே ஆணுடலைவிட இந்தக் கிருமிக்கு அதிகம் இடம் கொடுக்கிறது. சளிச்சவ்வின் பரப்பு பெரிது, விந்து உள்ளே தங்கும் நேரமும் அதிகம். பதினாறு, பதினேழில் கட்டிக்கொடுக்கும் பெண்ணுக்கு இன்னும் அதிகம், கருப்பை வாய் முதிர்ந்திருக்காது. இதை மாணவிகள் மறக்கக் கூடாது.

இனி இந்தக் கடற்கரைக்கு வருகிறேன்.

சங்க காலத்தில் எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லும் துறைமுகம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தப் பாட்டைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். அந்தக் காலத்தில் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள் மனைவி மக்களோடு போனார்கள். வண்டியில் பெண்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். வழியில் பொங்கித் தின்றது குடும்பமாக. இன்று இங்கிருந்து புறப்படும் லாரியில் ஓட்டுநரும் கிளீனரும் மட்டும்தான். மழை தொடங்கிவிட்டால் அக்டோபரிலிருந்து உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தி எல்லாம் தண்ணீர். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது, நல்ல காரியம். ஆனால் மூன்று மாதம் அதை வைத்து யார் சாப்பிட முடியும்? ஆண்கள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். தனியாகப் போகும் ஆண் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனை மனைவியோடு வாழவிடாத வேலை அமைப்பை ஆபத்துக் காரணி என்கிறேன். உலகம் முழுக்க, தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலிருந்து நம் நாமக்கல் லாரிகள்வரை, கணவனையும் மனைவியையும் பிரித்து வைக்கும் தொழில்களின் வழியாகவும் இந்த நோய் நடந்து வந்தது.

சாராயத்தைப் பற்றி இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் உயிர்கள் போனதைப் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உயிரை உடனே பறிக்கும் சாராயத்துக்குச் செய்தி உண்டு. நிதானத்தைப் பறித்து, ஆணுறையை மறக்கச் செய்து, வீட்டுக்கு வந்து அடிக்கச் செய்யும் குடிக்குச் செய்தி இல்லை. சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆண்களைத் தேடிப் போனபோது எங்கே போனார்கள் தெரியுமா? ஒயின் ஷாப்புகளுக்குத்தான்.

இன்னொன்று, உப்பளத்துப் பெண்களுக்கே உரியது. வெள்ளைப்படுகிறது என்று எவளாவது வாய் திறந்தால், "சூடு" என்பார்கள். நாளெல்லாம் வெயிலில் உப்பில் நிற்கிறவளுக்கு அது சூடு என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலந்து குடிப்பாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். ஆனால் அதில் ஒரு பகுதி கணவனிடமிருந்து வந்த பால்வினை நோயாக இருக்கும். ஆணுக்குப் புண் என்றால் கண்ணுக்குத் தெரியும், பெண்ணுக்கு உள்ளே இருப்பதால் தெரியாது. அந்தப் புண்ணும் அழற்சியும் எச்.ஐ.வி. நுழைவதைப் பல மடங்கு எளிதாக்கும். சில ரூபாய் மாத்திரையில் தீரக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று பெயர் வைத்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் வேலை நேரத்தில் ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாத இடத்தில், சிறுநீரை அடக்குவதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய பெண், தன் உடம்பில் எரிச்சலை ஒரு நோய் என்றே எண்ணுவதில்லை. அது வேலையின் ஒரு பகுதி. உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்கும் தொழிற்சங்கத் தோழர்களிடம் சொல்கிறேன், நீங்கள் கேட்பது எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் ஒரு பகுதி என்றே எழுதிக் கேளுங்கள்.

இதெல்லாம் ஏழை நாட்டின் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பெருநகரங்களின் நடுவில், வேலையும் நல்ல பள்ளியும் இல்லாமல் கைவிடப்பட்ட குடியிருப்புகள் உண்டு. 1980-களின் மத்தியில் கிராக் என்னும் கொக்கைன் போதை அந்தத் தெருக்களில் புகுந்தது. நியூயார்க்கில் கிராக் புகைத்த இளம்பெண்களில் நூற்றுக்கு 29.6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்ததாக 1994-ல் ஓர் ஆய்வு சொன்னது. அப்போது எல்லோரும் போதையையும் நடத்தையையும் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி ஓர் ஆய்வு செய்தார்கள். நியூயார்க், பால்டிமோர், அட்லாண்டா, வாஷிங்டன் உள்ளிட்ட ஊர்களில் 2,099 பெண்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத்தக்கது. வறுமையும் தொற்றும் மிகுந்த பகுதியில் குடியிருக்க வேண்டும் என்பது முதல் தகுதி. அவள் செய்தது மட்டும் கணக்கில்லை, அவள் துணைவனின் போதைப் பழக்கம், சிறைவாசம், பால்வினை நோய் இவையும் கணக்கு. ஆய்வில் சேர்ந்த அன்றே நூற்றுக்கு 1.5 பேருக்குத் தொற்று இருப்பது புதிதாகத் தெரியவந்தது. அவர்களுக்கே அதுவரை தெரியாது. ஒரு பெண்ணின் முகவரியும் அவள் ஆணின் வாழ்க்கையும் அவளுடைய ஆபத்துக் காரணிகள் என்று அங்கே கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அங்கே ஆண்களைச் சிறை கொண்டுபோகிறது, இங்கே சாலையும் மழைக்கால வேலையும். பின்னால் விடப்பட்டு நிற்கும் பெண்களின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் பெண்களும் சும்மா இருக்கவில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா 1995-ல் திருமணமான சில வாரங்களிலேயே தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். கணவர் லாரி ஓட்டுநர். தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல் மேடையேறி, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்ட முதல் தலைமுறை அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தக் குரல்களும் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அன்றைக்குத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் அங்கே உள்ளே போனவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்பது எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்குத் தெரியும்.

இன்று மருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணைகளை வைத்துப் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நம் சென்னையும் அதில் ஒரு மையம். தொற்றுள்ளவர் உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உறவின் மூலம் தொற்று பரவாது என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம். 2024-ல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசிபோல் போடும் லெனாகாபவிர் என்ற மருந்தை 2,134 இளம்பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை. கணவனின் சம்மதம் கேட்காமல், அவனுக்குத் தெரியாமல்கூட ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. அது மலிவாக நம் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். அதற்காக இப்போதிருந்தே குரல் கொடுக்க வேண்டும்.

சட்டமும் வந்திருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒருவரை விலக்குவதை அது தடைசெய்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது. தொற்றைத் துணைவருக்குத் தெரிவிக்க மருத்துவருக்கு வழி இருக்கிறது. ஆனால் தெரிவித்தால் பெண்ணுக்கு அடியோ கைவிடப்படுதலோ நேரும் என்று அஞ்ச நியாயம் இருந்தால் தெரிவிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வரியை எழுதியவர்கள் எங்கள் முகாமுக்கு வந்த அந்தப் பெண்ணைப் போன்றவர்களை எங்கோ சந்தித்திருக்க வேண்டும்.

அவளிடமே திரும்ப வருகிறேன். அவள்மேல் ஏன் பழி விழுந்தது? அவளுக்கு முதலில் சோதனை நடந்ததால். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சோதனை செய்கிறோம். குழந்தைக்குப் போகாமல் தடுக்க அது வேண்டும், அதனால் ஆயிரமாயிரம் குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் விளைவாக, ஒரு வீட்டில் தொற்று யாரிடமிருந்து தொடங்கியதோ அவன் பெயர் வெளிவராது. கடைசியாகத் தொற்று வாங்கியவள் பெயர்தான் முதலில் ஏட்டில் ஏறும். நம் ஊரில் எது முதலில் தெரிகிறதோ அதுவே முதல் என்று ஆகிவிடும். சோதனையின் வரிசையை நோயின் வரிசையாக ஊர் படித்துக்கொள்கிறது.

அந்தக் குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது, தொற்று இல்லை. அவள் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தாள். தாய்வீட்டிலிருந்து திரும்பவும் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். கணவன் மருந்தைப் பாதியில் விட்டு இறந்துபோனான். மாமியார் பிறகு பேரனைப் பார்க்க வந்துபோனாராம்.

இங்கே வந்திருக்கும் ஆண்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மனைவி கருவுற்ற செய்தி தெரிந்ததும், அவள் முதல் பரிசோதனைக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அவளுக்குச் சோதனை எழுதும்போது எனக்கும் எழுதுங்கள் என்று கேளுங்கள். கல்யாணம் பேசும் வீடுகளில், ஜாதகம் பார்க்கும் அதே வாரத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றாகப் போய்ச் சோதனை செய்துகொள்ளட்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இந்தச் சோதனை இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும். நேரில் கேட்கத் தயங்குகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.